தலையாட்டாமல் அரைமணி நேரம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். எழுத உட்கார்ந்ததும் அது உண்மைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

என் நினைவில் இருப்பது இது. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் நிலையத்தின் காத்திருப்புக் கூடம். நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்கு அப்படிப்பட்ட இடங்கள் பிடிக்கும். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளிருந்து, இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி, ஒரு பெண் சிரிப்பது கேட்டது. கொஞ்சநேரத்தில் கதவு திறந்தது. வந்தவள் பிரேமா. சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் நான் தோர்த்துத் துண்டு வாங்குகிற மொத்தக் கடையில் நிற்பவள்.

பின்னொரு நாள் பிரேமாவிடம் இதைச் சொன்னேன். அவள் மறுத்தாள்.

"உள்ளே கிடந்து சிரிச்சா படம் கெட்டுப்போகும்லா சாரே? நான் சிரிக்கவே இல்ல. தலையைத்தான் ஆட்டினேன்."

அந்த அறையின் கதவு இரண்டு கை கனம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். சிரித்திருந்தாலும் கேட்டிருக்காது. ஆனால் எனக்குக் கேட்டது. ஆகவே சிரிப்பை நீக்கப் போவதில்லை. கதைக்குள் எங்கோ அதற்கு இடம் இருக்கிறது; நான்தான் தவறான இடத்தில் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

(அ) பொன்முடியில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸின் ஜன்னலோரம் ஓர் இளம்பெண் தன்—

[விட்டுவிட்டேன். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. இந்தக் கதையில் யாரும் பொன்முடிக்குப் போகவில்லை. மூடுபனியை வெளியே அனுப்புகிறேன்.]

(ஆ) மனித மூளை என்பது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான—

[கட்டுரை. இதைப் படித்துவிட்டு யாரும் இரண்டாவது வாக்கியத்துக்கு வரமாட்டார்கள்.]

(இ) முப்பது வயதுகூட ஆகாத அவள் வாழ்க்கையில் இருள்—

இதைப் பிரேமாவுக்கே வாசித்துக் காட்டினேன். அவள் மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுத்தை மட்டும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கடை வாசலில் நின்று நானே வாசித்தேன். "இருள்" வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"யாருக்கு இருளு? எங்க கடையில எத்தனை டியூப்லைட்டு எரியுது, பாக்கலையா?"

எனக்குக் கைவருவது கனத்த கதை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் மௌனமாக இருக்கிற ஆட்களை எழுதியே பழகிவிட்டேன். பிரேமா எந்த ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை. ஆகவே நான்காவது தொடக்கத்தில் நிலைத்தேன். அதில் ஒரு வண்ணம் மட்டும் இருக்கிறது.

3

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிரேமாவின் இடது கண்ணில் சிவப்பு வெளுத்தது.

வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கடையில் கைலி, தோர்த்து, நைட்டி, பருத்திச் சேலை எல்லாம் மொத்த வியாபாரம். ஈரோட்டிலிருந்து சிவப்புச் சேலைக் கட்டு வந்திருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் பிரேமா பிரித்தாள். சேலை முழுக்கச் செங்கல்பொடி நிறம். சாயம் இறங்கின சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று ஆத்திரம் வந்தது. கட்டை அப்படியே திரும்பக் கட்டி, லாரி ஆபீஸில் கொண்டுபோய்ப் போட்டு, ஈரோட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். கடைக்காகத்தான் செய்தாள். ஈரோட்டு ஏஜென்ட் கட்டைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினார். குங்குமச் சிவப்பு.

அண்ணாச்சி குதித்தார். பிரேமா தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள்: இடது கண்ணை மூடினால் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, வலது கண்ணை மூடினால்தான் வெளுக்கிறது, இடது கண்ணை உருட்டினால் வலிக்கவும் செய்கிறது.

"ஒத்தக் கண்ணுல மட்டும் சாயம் போற சரக்கை நான் இந்த முப்பது வருசத்துல பாத்ததில்ல தாயி" என்றார் அண்ணாச்சி. கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குச் 'சாயம்' என்று பெயர் விழுந்தது. சாயம் வந்தாச்சா, சாயம் டீ குடிச்சாச்சா.

வீட்டில் அம்மா கோமதியம்மாளுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. எல்லாம் போன் பார்க்கிறதால் வருகிற வினை. போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

சில வாரங்களில் கண் தானாகத் தெளிந்தது.

"பாத்தியா" என்றாள் கோமதியம்மாள்.

[இங்கே நான் அம்மாவைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். போனை எடுத்தாள், கண் தெளிந்தது. வேறு எந்த மருந்துக்கு இவ்வளவு பொருத்தமான சாட்சி கிடைக்கும்? இந்த நோயின் குணமே அதுதான்: வரும், தங்கும், தானாக இறங்கிப்போகும். போகும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களுக்குப் பெருமை.]

4

இந்த வருடம் செருப்பு.

சாலையிலிருந்து ஆரியசாலை குடோனுக்கு மாதிரிக் கட்டோடு நடந்துபோனாள் பிரேமா. குடோன் வாசலில் சுமை தூக்கும் ஜெபசிங் அவளைப் பார்த்துக் கட்டை இறக்கி வைத்துவிட்டார்.

"எக்கா, மத்தச் செருப்பை யாருக்குக் குடுத்திய?"

குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்கால். தார் ரோட்டில், உச்சிவெயிலில், எங்கே கழன்றது என்று தெரியாமல் வந்திருக்கிறாள். பாதம் சிவந்து கிடந்தது. சுடவில்லை. ஜெபசிங் சிரித்தார், அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு திரும்பி நடந்து தேடினாள். செருப்பு பாதி வழியில், ஒரு வெங்காயக் கடை முன்னால், சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்த சில நாட்களில் மரமரப்பு இடுப்புவரை ஏறியது. பஞ்சுமேல் நடப்பதுபோல் இருந்தது. அண்ணாச்சி இது லீவுக்கான ஏற்பாடு என்றார். அம்மா அரிசி டிரம்மைத் திறந்தாள். இந்தமுறை பிரேமா போனைக் கொடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், நரம்பியல் டாக்டர் ஸ்ரீகண்டனிடம் போனாள்.

டாக்டர் காலைத் தட்டினார், குத்தினார், நடக்கச் சொன்னார். இதற்கு முன்னால் ஏதாவது வந்ததுண்டோ என்று கேட்டார். பிரேமா தயங்கித் தயங்கிச் சிவப்பைச் சொன்னாள். சொல்லும்போதே அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். பிறகு மறு கண்.

இடது கண்ணில் இன்றைக்கும் ஒரு துளி வெளுப்பு இருந்தது. அவளே கவனித்திருக்கவில்லை.

டாக்டர் விளக்கினார். நரம்புக்கு மேலே உறைபோல ஒரு கொழுப்புப் படலம் உண்டு. சில பேருக்கு உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் அந்த உறையை அரித்துவிடும். அதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர், சுருக்கமாக எம்.எஸ். அப்படியானால் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் பொட்டுகள் தெரியலாம். வேறு காரணங்களும் இருக்கலாம், வைட்டமின் குறைவுகூட. அதனால்தான் பார்க்கவேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வேறு வேறு இடங்களில் இருக்கவேண்டும். ஒரே காலத்தில் வந்ததாக இருந்தாலும் போதாது. வேறு வேறு காலத்தில் வந்திருக்கவேண்டும். ஊசிவழியாக ஒரு மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் புதுப் பொட்டு மினுங்கும், பழையது மினுங்காது. ஒரே படத்தில் இரண்டு காலமும் தெரிந்துவிடும்.

* இடமும் காலமும் வேண்டும் என்று எனக்கும் யாரோ கதை எழுதச் சொல்லிக்கொடுத்தபோது சொன்னார்கள். அவர்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பிரேமாவுக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. பழையதும் தெரியும்.

5

இங்கே வாசகருக்கு ஒரு விஷயம் தெளிவாகவேண்டும். விஷயம் காதுக்கு வந்ததும், படத்தில் ஒன்றுமே இருக்கக்கூடாது என்று அம்மா வேண்டிக்கொண்டாள். இதை எழுதுகிற நானும் அப்படித்தான் வேண்டினேன். பிரேமா வேண்டியது அதுவல்ல. படத்தில் ஒன்றும் இல்லையென்றால் அவள் ஆயுளுக்கும் சாயம். வியாதி இருக்கவேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்களா என்று அவளிடம் கேட்டேன்.

"வியாதி வேணும்னு இல்ல சாரே. ஏற்கெனவே இருக்குல்லா. அது எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கும் தெரியணும்னுதான்."

ஆனால் முதல் ஸ்கேன் பாழாய்ப்போனது. அதற்குக் காரணம் அவளுடைய தலை.

சாலையில் வியாபாரம் வாயால் நடப்பதில்லை. தமிழில் கேட்பவர், மலையாளத்தில் கேட்பவர், இரண்டையும் கலந்து கேட்பவர் என்று ஒரே நேரத்தில் நாலு பேர் நிற்பார்கள். நாலு பேருக்கும் தலையாலேதான் பதில். பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வெட்டு வெட்டினால் ஆகட்டும். பிரேமா பதினெட்டு வயதிலிருந்து அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் தலை அவளைக் கேட்காமலே பேசும்.

ஸ்கேன் நிலையத்தில் இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் ஷைலஜா. தலையைக் கூண்டுபோன்ற ஒன்றுக்குள் வைத்து, இருபுறமும் பஞ்சு அடைத்து, கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, கஷ்டமானால் அமுக்கச் சொல்லி, குழலுக்குள் அனுப்பினாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப்புறம் போய், எல்லாம் சரிதானே மகளே என்று மைக்கில் மலையாளத்தில் கேட்டாள்: "மோளே, ஓகே ஆணோ?"

பிரேமா தலையை ஆட்டினாள்.

ஷைலஜா திரையைப் பார்த்தாள். ஒரு மூளையின் விளிம்பு நாலைந்து விளிம்பாக, ஒன்றின் பின் ஒன்றாக, நிழல் நிழலாக விழுந்திருந்தது. மறுபடி மைக்கை எடுத்தாள். "மோளே, தல அனக்கல்லே. தலையை ஆட்டவே கூடாது, கேட்டோ?"

பிரேமா, சரி என்று தலையை ஆட்டினாள்.

இப்படியே போனது. எத்தனை தடவை ஆட்டாதே என்றார்களோ அத்தனை தடவையும் ஒப்புக்கொண்டு ஆட்டினாள். கடைசியில் ஷைலஜா உள்ளே வந்து, தன் இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்துக்காட்டி, இதுபோல இருக்கவேண்டும், இன்னொரு நாள் வா, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்றாள். மயக்க ஊசி வேண்டவே வேண்டாம் என்று பிரேமா தலையை ஆட்டினாள். அதுவே அன்றைய ஆட்டங்களிலெல்லாம் பெரியது.

[எனக்குக் கேட்ட சிரிப்பு ஷைலஜாவுடையதாக இருக்குமோ? அவள் கண்ணாடிக்கு இந்தப்புறம்தானே இருந்தாள்? கேட்டேன். வேலை நேரத்தில் தான் சிரிப்பதில்லை என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.]

6

கெட்டுப்போன படத்தை வைத்துக்கொண்டு கோமதியம்மாள் தெம்பாக இருந்தாள். ஆனால் அண்டை வீட்டில் யாரோ, தெளியாத படத்தை நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவளே பயிற்சியில் இறங்கினாள்.

"படம் தெளிஞ்சாத்தான ஒண்ணுமில்லேன்னு தெளிவாத் தெரியும்" என்றாள்.

இப்படியாக, எதிரெதிர் முடிவுக்கு ஆசைப்பட்ட அம்மாவும் மகளும் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். பிரேமா பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். சாப்பிட்டியா? தண்ணி வேணுமா? மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போவமா? எதற்கும் தலை அசையக்கூடாது. கல்யாணக் கேள்வியில் அசைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

கடையிலும் நடந்தது. கூட வேலைபார்க்கும் பிரவின்ராஜ், எம்.ஆர்.ஐ. சத்தத்தைப் போனில் தேடிப் பிடித்துச் சத்தமாக ஒலிக்கவிட்டான். டக் டக் டக் டக், பிறகு ட்ர்ர்ர்ர்ர் என்று ஒரு நீள இழுப்பு. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் சுவரை இடிக்கிறார்களா என்று ஓடிவந்து பார்த்தார். வாடிக்கையாளர்கள் குழம்பினார்கள். கேட்டால் பதில் சொல்கிற பெண்ணுக்கு என்ன ஆயிற்று? அண்ணாச்சி முகம் கடுத்தது.

அப்போது நெடுமங்காட்டிலிருந்து சத்தியதாஸ் வந்தார். அங்கே சொந்தமாகத் துணிக்கடை வைத்திருப்பவர், பேரம் பேசினால் எதிராளியை உட்கார்ந்து அழவைத்துவிடுவார். கைலிக் கட்டைத் தட்டிப் பார்த்து, பழைய விலைக்கே தருமோ மோளே என்றார்.

பிரேமா அசையவில்லை.

சத்தியதாஸ் காத்திருந்தார். அந்த முகத்தில் வழக்கமாக ஒரு சாய்வாவது வரும். வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்றார். பிரேமா அவரையே பார்த்தாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை, பயிற்சி அப்படி. சத்தியதாஸுக்கு வேர்த்தது. இன்னும் கொஞ்சம் ஏறினார். மௌனம். "பின்னேயும் போராயோ?" இன்னும் போதவில்லையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தன் விலையைத் தானே மறுபடி உயர்த்தி, அதற்குமேல் அங்கே நின்றால் கடையையே எழுதிக்கொடுக்க வேண்டிவரும் என்பதுபோல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, தன் கையாலேயே ஒரு டீ வாங்கிவந்து பிரேமா முன்னால் வைத்தார்.

"தாயி, இந்தப் பயிற்சியை எத்தனை நாளைக்கு வேணும்னாலும் வச்சுக்கோ."

* நான் ஆயுள் முழுக்கப் போற்றிவந்த மௌனம் ஒருவருக்கு லாபம் கொடுத்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன். வாசித்தபோது இந்த இடத்தை மட்டும் பிரேமா இரண்டாம் தடவை கேட்டாள்.

7

இரண்டாவது ஸ்கேன். இப்போது கொஞ்சம் மெதுவாக எழுதவேண்டும். அவள் அசையாமல் கிடக்கிற நேரம்.

ஷைலஜா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: நான் இன்றைக்கு உன்னிடம் ஒன்றுமே கேட்கமாட்டேன், நீயும் ஒன்றும் சொல்லவேண்டாம். பிரேமா வாயால் "செரி" என்றாள். தலை கூடவே வரப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள்.

குழலுக்குள் போனதும் இயந்திரம் பேரம் பேச ஆரம்பித்தது. டக் டக் டக், இவ்வளவுதானா, இவ்வளவுதானா, இவ்வளவுதானா. பிரேமா கண்ணை மூடிக்கொண்டு சத்தியதாஸை நினைத்தாள். அவர் வேர்த்தார். ட்ர்ர்ர்ர், கொஞ்சம் குறைக்கலாமா. அவர் இன்னும் வேர்த்தார். வயிற்றுக்குள் சிரிப்பு ஒன்று குமிழ்விட்டு எழுந்தது. இப்போது ஆபத்து தலையாட்டல் அல்ல, சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்தாள். சிரிப்பு நெஞ்சுவரை வந்து, வழியில்லாமல், அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பாதியில் நிறுத்தினார்கள். மேசை வெளியே வந்தது. கையில் ஊசிவழியாக மருந்து ஏறியது. முழங்கைவரை ஒரு குளிர். மறுபடி உள்ளே தள்ளும்போது ஷைலஜா, வாயைப் பூட்டி வைத்ததை மறந்து, பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்:

"தல அனக்கல்லே மோளே."

பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. பிறந்தது முதல் பழகியது அது. கழுத்துக்குள் ஏதோ ஒன்று திரும்பத் தயாராகி நின்றது. பிரேமா அப்படியே கிடந்தாள். யாரும் என்னை நம்பவில்லை, என் தலைகூடவா என் பேச்சைக் கேட்காது என்று ஒரு நினைப்பு வந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கடைக்கு வெளியே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள். ஜன்னல் இல்லாததால் ரோடு.

தலை அசையவில்லை.

8

டாக்டர் ஸ்ரீகண்டன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இந்தமுறை கோமதியம்மாளும் வந்திருந்தாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதைக் காதால் கேட்கவேண்டும் என்று வந்தவள்.

சாம்பல் நிறத்தில் மூளை. நடுவில் கறுப்பாக நீர் நிற்கும் அறைகள். அவற்றின் ஓரங்களில், சுவரில் விரல்நுனி வைத்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள். ஒரு விளிம்பு ஒரே விளிம்பாக இருந்தது. இவ்வளவு சுத்தமான படம் அபூர்வம் என்று ஷைலஜா சொல்லியனுப்பியிருந்தாள்.

டாக்டர் பென்சிலால் காட்டினார். மூளையில் இருக்கிற பொட்டுகள் மருந்து ஏற்றின பிறகும் மினுங்கவில்லை, பழையவை. கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று மினுங்குகிறது; புதியது, காலுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தனியாக எடுத்த சோதனையில் இடது கண்ணிலிருந்து செய்தி தாமதமாகத்தான் மூளைக்குப் போகிறது. மற்ற காரணங்களுக்கு இரத்தம் பார்த்தாயிற்று, அவை இல்லை. இது எம்.எஸ்.தான். பொட்டு மட்டும் வைத்து ஒருவரும் இதைத் தீர்மானிக்க மாட்டார்கள், பாதி இந்த மோள் சொன்ன விவரம், பாதி படம், இரண்டும் சேர்ந்தது என்றார்.

பிரேமா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அந்தச் செவப்பு, டாக்டரே?"

"வெளுத்துத்தான் கண்டிருக்கும். கண் நரம்புல இது தொட்டா மிக்கபேருக்கும் முதல்ல மங்குறது செவப்புதான்."

நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது. பிரேமா சிரித்தாள். வாயைப் பொத்தினாள், விரலிடுக்கு வழியாக வந்தது. நாற்காலியில் வளைந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த நோயின் பெயரைச் சொல்லிப் பலவிதமான முகங்களைப் பார்த்திருந்த டாக்டருக்கு இது புதிது. அவர் தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார்.

[இதோ, என் சிரிப்பு. இதுதான் எனக்குக் கேட்டது. நான் அந்த டாக்டரின் அறைக்கு வெளியே ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.]

கோமதியம்மாள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இது போன் பாத்து வந்தது இல்லையா?"

இல்லை என்றார் டாக்டர்.

டாக்டர் தொடர்ந்தார். குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடவும் குறைக்கவும் மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்குவது நல்லது, இப்போது அதற்கு வழி கிடைத்துவிட்டது. சூடு ஆகாது, வெயிலில் பழைய தொந்தரவுகள் கொஞ்சநேரம் தலைகாட்டும். குளிர்ச்சியான இடமாக இருந்தால் உடம்புக்கு ஆசுவாசம்.

"அப்போ பொன்முடிக்குப் போவோம்மா" என்றாள் பிரேமா, சிரிப்பைத் துடைத்துக்கொண்டே.

என்ன சொல்வது. மூடுபனியை நான் இரண்டாவது பகுதியிலேயே வெளியே அனுப்பியிருந்தேன்.

9

முடிவுகள்.

முடிவு ஒன்று: வருடங்கள் ஓடின. பிரேமா சக்கர நாற்காலியில் அமர்ந்து, சாலைத் தெருவின் இரைச்சலை—

வாசித்தபோது பிரேமா கையைக் காட்டி நிறுத்தினாள். "அது வந்தா நானே வந்து சொல்லுறேன் சாரே. உங்களுக்கு என்ன அவசரம்?"

முடிவு இரண்டு: மருந்து வேலை செய்தது. இனி அவளுக்கு எந்தத் தொந்தரவும்—

இதை டாக்டர் ஸ்ரீகண்டன் ஒப்பமாட்டார். முதல் முடிவையும் அவர் ஒப்பமாட்டார். இந்த நோயில் அடுத்தது என்ன என்று எழுதிக்கொடுக்க அவராலேயே முடியாது. அவருக்கே முடியாததை நான் எழுதுவது திமிர்.

முடிவு மூன்று: பொன்முடியில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸின் ஜன்னலோரம் ஓர் இளம்பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

[வைத்துக்கொள்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவேண்டியிருக்கவில்லை, அம்மாவைச் சேர்த்ததைத் தவிர.]

அந்த வழியில் பஸ் குறைவு, அதனால் கூட்டம். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒருபக்கம் சாய, உள்ளே இருந்த அத்தனை தலையும் சேர்ந்து அந்தப்பக்கம் சாய்ந்தது. அடுத்த வளைவில் இந்தப்பக்கம். டிரைவர், கண்டக்டர், மடியில் கோழியை வைத்திருந்தவர், கோழி, ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டிக்கொண்டே மலை ஏறினார்கள். பிரேமா கழுத்தை அவிழ்த்துவிட்டு, பஸ் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆட்டினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

இரண்டு வளைவுகளுக்கு நடுவே கோமதியம்மாள் அவள் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள். இரண்டு வருடம் கழித்து, அந்தச் சிவப்பைப் பற்றி. சொல்லும்போது அம்மா தலைமட்டும் ஆடவில்லை, முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள் என்றாள் பிரேமா. என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அதைக் கதையில போடக்கூடாது. அது எனக்குள்ளது."

வற்புறுத்தினேன். மறுத்துவிட்டாள். எனவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்:

"………………………………"

உங்கள் வீட்டில் உங்களை நம்பாமல் இருந்த ஒருவர் இருப்பார். அவர் எதைச் சொல்லியிருந்தால் போதுமென்று நினைத்தீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காட்டவேண்டாம்.

10

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லி நிறுத்துகிறேன்.

சத்தியதாஸ் இப்போது பிரவின்ராஜிடம் மட்டுமே பேரம் பேசுகிறார். பிரவின்ராஜ் எம்.ஆர்.ஐ. சத்தத்தைப் போன் மணியாக வைத்திருக்கிறான். ஜெபசிங் ஆரியசாலையில்தான் இருக்கிறார்; பிரேமா வரும்போது முதலில் அவள் காலைப் பார்க்கிறார், பிறகுதான் முகத்தை. ஷைலஜா இப்போதெல்லாம் தமிழ்க்காரர்கள் வந்தால் குழலுக்குள் அனுப்பும் முன்பே எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்துவிடுகிறாள். டாக்டர் ஸ்ரீகண்டன் மேசையில் அந்தச் சிவப்பு மூடி இருக்கிறது. நான் வேறொரு கதை தொடங்கியிருக்கிறேன். அதில் இதுவரை யாரும் சிரிக்கவில்லை.

வன்னியபெருமாள் அண்ணாச்சி சாயம் என்ற பெயரைக் கடையில் யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டார். பிரேமாதான் தடையை நீக்கச் சொன்னாள். சிவப்புச் சரக்கு வந்தால் அவர் அவளைக் கூப்பிடாமல் பிரிப்பதில்லை. அவள் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள், பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்கிறாள், இரண்டு சிவப்பையும் சொல்கிறாள்.

பிரேமா மருந்து எடுத்துக்கொள்கிறாள். கால் மரமரப்பு பெரும்பாலும் போய்விட்டது, உள்ளங்காலில் கொஞ்சம் மிச்சம். செருப்புக்குக் குதிகால் பக்கம் ஒரு வார் வைத்துக்கொண்டாள்.

கோமதியம்மாளின் அரிசி டிரம்மில் இப்போது அரிசி மட்டும்தான் இருக்கிறது.